வீட்டுக்குள் வந்த கந்தோர்

‘கந்தோர்’ என்பது ஒல்லாந்தர் நம் நாட்டில் விட்டுச் சென்ற சொற்களுள் ஒன்று. தமிழகத்திலிருந்து வரும் உறவினரிடம் இச்சொல்லைச் சொன்னால் விழிப்பார்கள். நமக்கோ அது சோறு கறி போலப் பழகிய சொல். கந்தோர் என்றால் வீட்டை விட்டுப் புறப்பட்டுப் போகவேண்டிய ஓரிடம் என்பதே நெடுங்காலமாக நம் மனத்திற் பதிந்திருந்த பொருள். வடபுலத்திலிருந்து கொழும்புக்கு உத்தியோகம் பார்க்கச் சென்றவர்கள், மனைவி மக்களை ஊரிலே விட்டுவிட்டு, ‘சமறி’ என்னும் கூட்டுக் குடித்தனங்களிலே காலங்கழித்து, லீவு கிடைத்தபோது ரயிலேறி வீடு வந்து சேர்ந்தார்கள். 1956 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி வண்டி அத்தகைய எத்தனையோ குடும்பங்களின் பிரிவையும் கூடலையும் சுமந்திருக்கிறது. கந்தோர் ஓரிடம், வீடு ஓரிடம்; இடையே ஏறத்தாழ 250 மைல்.

அந்தத் தூரம் முழுவதும் ஒருநாள் மாலையில் மறைந்து போயிற்று. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20 ஆந் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதும், கந்தோரே வீட்டைத் தேடி வந்துவிட்டது. 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நோய்க்காக அன்றி எரிபொருள் இல்லாமையால், அரசாங்க ஊழியர் பலரும் மறுபடி வீட்டிலிருந்து கடமையாற்ற நேர்ந்தது. உலகத்துக்கு இந்த எண்ணம் புதிதன்று. ஊழியர் வேலையைத் தேடிப் பிரயாணஞ் செய்வதற்குப் பதிலாக வேலை ஊழியரைத் தேடிக் கம்பிவழி வரலாமே என்று 1973 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் என்பவர் கூறி, அம்முறைக்கு ஒரு பெயருஞ் சூட்டியிருந்தார். ஆனால், வந்து சேரும் வேலை எந்த மேசையில் அமரும் என்பதை அவரவர் வீடுதான் தீர்க்க வேண்டியிருந்தது.

வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பிலே நான் நன்கறிந்த குடும்பம் ஒன்று உண்டு. கணவர் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்காளர். கிழமையில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. மனைவி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவர். எல்லா நாளும் வீட்டிலேயே வேலை. மகன் உயர்தர வகுப்பு மாணவன். மாலை வகுப்புகள் இணையத்தின் வழியாக நடக்கின்றன. கணவரின் தாயார் எழுபத்தெட்டு வயது ஆச்சி. அறை இரண்டு, மேசை ஒன்று.

மேசை கணவருக்குச் சென்றது. கதவுள்ள அறையும் அவருக்கே சென்றது. “அவருக்கு மீற்றிங் கூட” என்பது காரணம். காரணம் பொய்யன்று. மனைவி குசினிக்கு அருகே, மாமியாரின் பழைய தையல் இயந்திரத்தின் மேசையிலே தம் மடிக்கணனியை வைத்துக்கொண்டார். கால்மிதி இன்னும் கழற்றப்படாத மேசை அது. சிந்தனையில் ஆழ்ந்தால் கால் தானாக மிதிக்கும். ஒரு நாட் காலையில் அங்கிருந்து கவனித்தேன். எட்டரை மணிக்கும் பதினொன்றரை மணிக்கும் இடையில் மீன்காரன், காஸ் சிலிண்டர் கொண்டு வந்தவன், மேல்மாடியிலிருந்து தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்தவர், ஆச்சியின் மருந்து வேளை, கொதித்த பால் என ஏழு தடவை அவர் எழுந்தார். மூடிய கதவுக்கு உட்புறம் இருந்தவர் ஒரு தடவையும் எழவில்லை. மாலையில் அந்த மேசை மகனுக்கு வேண்டும். ஆகவே, பகலிற் செய்திருக்க வேண்டிய மொழிபெயர்ப்பை அந்த அம்மையார் இரவு பத்து மணிக்கு மேல் செய்து முடித்து வந்தார். ‘வீட்டிலிருந்து வேலை செய்வது வசதி’ என்று இருவருமே சொல்வார்கள். அந்த வசதியின் விலையை ஒருவரே கொடுத்துக்கொண்டிருந்தார்.

கணனி, கமரா, தலையிற் பூட்டும் ஒலிவாங்கி ஆகிய யாவற்றையும் விட, வீட்டுக் கந்தோருக்கு முதலில் வேண்டிய சாதனம் கதவு என்பது என் கருத்து. இவ்வீட்டில் பிறகு ஓர் ஏற்பாடு வந்தது. திங்களும் புதனும் கதவுள்ள அறை மனைவிக்கு. அந்நாட்களிற் கணவர் தையல் மேசைக்கு வரவேண்டும். முதல் திங்கட்கிழமையே பதினொரு பேர் கூடிய நிறுவனக் கூட்டத்தின் நடுவில் ஆச்சி மெல்ல நடந்து வந்து திரையை உற்றுப் பார்த்து, “தம்பி, இந்தப் பெட்டிக்குள்ளை இருக்கிறவை எல்லாரும் தேத்தண்ணி குடிச்சிட்டினமோ?” என்று விசாரித்தார். தலைமை தாங்கியவரும் தமிழர். “இன்னும் இல்லை, ஆச்சி” என்று மிகுந்த மரியாதையோடு விடை சொன்னாராம். சற்று நேரத்தில் மூடிய கதவுக்கு உட்புறமிருந்து, “இஞ்சாருங்கோ, மீன்காரன் கூப்பிடுறான். ஒருக்கா எட்டிப் பாருங்கோ” என்று குரல் வந்தது. ஒரு மாதத்துள், பாரை மீன் எந்தக் கிழமையில் நல்லதாக வரும் என்பதைக் கணக்காளர் நமக்கே எடுத்துச் சொல்லத் தொடங்கிவிட்டார். மனைவியின் இரவு வேலை கிழமையில் இரண்டு நாளாகக் குறைந்தது.

தையல் மேசை உயரத்தில் குறைந்தது. மடிக்கணனியைக் குனிந்து நோக்கினால் கழுத்து வலிக்கும். நான்கு தடித்த புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கணனியை வைத்துத் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டு வருவது நன்று. அப்போது கை உயர்ந்துவிடும். ஆகையால் தனியான விசைப்பலகை ஒன்றை வாங்கி முழங்கை மட்டத்திலே வைத்தல் வேண்டும். மாணவர்களும் இதைக் கவனிக்க.

இனி மின்சாரம். கணனியால் மின்பட்டியல் ஏறிவிட்டது என்று பலரும் முறையிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மடிக்கணனி 50 வாட்டு என்று கொண்டால், எட்டு மணி நேரத்துக்கு 0.4 அலகு. தலைக்கு மேல் சுழலும் 60 வாட்டு மின்விசிறிக்கு அதே நேரத்தில் ஏறத்தாழ அரை அலகு. 1000 வாட்டு மின்னழுத்தியோ ஒரு மணி நேரத்திலேயே முழுதாக ஓர் அலகை விழுங்கிவிடும். எனவே, கந்தோருக்குப் போகாமல் சட்டையை அழுத்தாமல் விட்டவருக்குக் கணனியின் செலவில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. எனினும், மாதத்தில் 22 வேலை நாளுக்குக் கணனியும் விசிறியுமாகச் சுமார் 20 அலகு கூடும் என்பது உண்மையே. நமது வீட்டுக் கட்டணம் படிக்குப் படி ஏறுவது. ஒரு படியின் விளிம்பில் நிற்கும் வீட்டை இந்த 20 அலகு அடுத்த படிக்குத் தள்ளிவிடும். அந்தப் பணத்தை நிறுவனம் தருமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கந்தோரில் விளக்கெரிக்கும் செலவு அவர்களுடையதாகத்தானே இருந்தது?

செலவை விடப் பெரிது ஆபத்து. நம் வீடுகள் பலவற்றில் வட்ட முனைச் செருகிக்கான பழைய பிளக் பொயின்ற்றும் சதுர முனைக்கான 13 அம்பியர் பொயின்ற்றும் கலந்து கிடக்கின்றன. வாங்கிய கருவி ஒன்றுக்கு, சுவரிலுள்ள துளை வேறொன்றுக்கு. நடுவே ஓர் அடப்ரர், அதன்மேல் இன்னொன்று, அதிலிருந்து நீட்டுக் கம்பி, அக்கம்பியில் கணனி, றூட்டர், விசிறி, சில வீடுகளில் கேத்தல் வரை தொங்குகின்றன. கணனியும் றூட்டரும் சேர்ந்தாலும் அற்பச் சுமைதான், கேத்தல் அப்படியன்று. நீட்டுக் கம்பியின் செருகி கையைச் சுடுமாயின் அதை அன்றே ஒதுக்கிவிட வேண்டும். சதுர முனைச் செருகிக்குள்ளே ஓர் உருகி இருக்கிறது; மிகையான மின்னோட்டம் பாய்ந்தால் தான் உருகிக் கம்பியைக் காக்கும். வட்ட முனையில் அந்தக் காவல் இல்லை. வீட்டு மின்பலகையில் உள்ள ட்ரிப் சுவிச்சு, பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் அளவு மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தாலே இணைப்பைத் துண்டிப்பது. அதிலே சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். சுவிச்சு விழாவிட்டால் மின்வினைஞரை அழைக்க வேண்டும்.

மார்ச், ஏப்ரில் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமுழக்கத்துடன் மழை பெய்வது நம் நாட்டின் இயல்பு. செப்புக் கம்பியால் வரும் தொலைபேசி இணைப்பாயின் மின்கம்பி வழியாகவும் தொலைபேசிக் கம்பி வழியாகவும் இடி வீட்டுக்குள் நுழையலாம். இரண்டையும் கழற்ற வேண்டும். கண்ணாடி இழையால் வரும் இணைப்பிலே அந்த இழை மின்சாரத்தைக் கடத்தாது. அப்போதும் றூட்டரின் மின்செருகியைக் கழற்றுதல் அவசியம். வானம் கறுக்கும்போதே கழற்றுக; இடி இடிக்கும்போது செருகியைத் தொடப் போகவேண்டாம்.

மின்சாரமே நின்றுபோனால்? 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் இருளில் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்களில் வீட்டிலிருந்து வேலை செய்தவர் மின்சார அட்டவணையைப் பஞ்சாங்கம் போல வைத்துப் பார்த்தார்கள். பின்னர் 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆந் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று மின்மாற்றியைத் தொட்டதால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது என்று எரிசக்தி அமைச்சர் தெரிவித்தார். இலங்கைக்கும் வானரத்துக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. அம்முறை எரிந்தது, இம்முறை இருண்டது. மடிக்கணனிக்குள் மின்கலம் இருப்பதால் அது சில மணி நேரம் தாங்கும். றூட்டருக்கு அது இல்லை. றூட்டருக்கென்றே சிறிய மின்கலப் பெட்டிகள் விற்பனைக்கு உள்ளன. வாங்குமுன் றூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். பல றூட்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குவன, சில 9 வோல்ட்டில். அளவு மாறினால் கருவி கெடும்.

றூட்டரைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைப்பது நம்மவர் வழக்கம். பெரிய உலோகப் பெட்டி அலைகளை மறைத்துவிடும். நுண்ணலை அடுப்புக்கும் றூட்டரின் பழைய அலைவரிசைக்கும் இடையே வேறொரு பூசல்: இரண்டும் 2.4 கிகாஹேர்ட்ஸை அடுத்தே இயங்குகின்றன. சோற்றைச் சூடாக்கும் நேரத்தில் மகனின் வகுப்பு விக்கி விக்கி வருமானால் காரணம் இதுவாக இருக்கலாம். 5 கிகாஹேர்ட்ஸ் வரிசைக்கு மாற்றினால் இப்பூசல் தீரும். ஆயின், அது சுவர்களைக் கடப்பதில் வலிமை குறைந்தது.

மொழிபெயர்ப்பாளர் அம்மையாரின் இன்னொரு தொல்லையைச் சொல்லியாக வேண்டும். அவருக்குத் தமிழிலே அனுப்பப்படும் பத்திரங்களில் சில, திறந்தவுடன் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பையாகக் காட்சி தரும். ‘பாமினி’ என்னும் எழுத்துருவினால் வரும் வினை இது. பாமினியிலே ‘அம்மா’ என்று எழுதினால், கணனி தன் நினைவில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளையே வைத்துக்கொள்கிறது. பாமினி என்னும் போர்வை அவற்றின்மேல் இருக்கும்வரை அது நமக்குத் தமிழாகத் தெரிகிறது. போர்வை இல்லாத வீட்டுக் கணனியில் அம்மாவைக் காணோம். யுனிக்கோட் முறையில் அப்படியன்று. ‘அ’ வுக்கு 2949, ‘க’ வுக்கு 2965 என்று ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே இலக்கம். பழைய தட்டச்சு ஒழுங்கிற் பழகிய விரல்கள் மாறத் தேவையில்லை. ரெங்கநாதன் விசைப்பலகை யுனிக்கோட்டிலும் உண்டு. தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கித் தந்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிலே பிறந்து மலாயா சென்றவர் என்பதை மாணவர் அறிந்திருத்தல் நலம்.

கந்தோர் வீட்டுக்கு வந்ததுதான் வந்தது, எத்தனை மணிக்குத் திரும்பிப் போகிறது? இரவு ஒன்பதே முக்காலுக்கு, உணவு மேசையிலே, வட்ஸ்அப்பில் ‘அவசரம்’ என்று ஒரு செய்தி வருகிறது. நாளை பத்து மணிக்கு வேண்டிய காரியமாயினும் அச்சொல்லைப் பார்த்த பிறகு சோறு இறங்குவதில்லை. பிரான்ஸ் தேசத்தில் 2017 ஆம் ஆண்டு முதல், ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர் கொண்ட நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்பு கொள்வதன் எல்லையைப் பற்றி ஊழியரோடு பேசித் தீர்க்கவேண்டும் என்பது சட்டம். அவுஸ்திரேலியாவில் 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம், நேரங் கடந்த அழைப்புக்கு, மறுப்பது நியாயமற்றதாக இருந்தாலன்றி, மறுமொழி தராதிருக்க ஊழியருக்கு உரிமை தருகிறது. ஒன்பதே முக்காலுக்குச் செய்தி அனுப்பும் மேலதிகாரியும் தம் வீட்டு உணவு மேசையிலிருந்தே அதை அனுப்புகிறார் என்பதுதான் விந்தை. “நாளைக் காலை ஒன்பது மணிக்கு அனுப்பி வைக்கலாமா, ஐயா?” என்று ஒரு வரி எழுதிக் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் “சரி” என்றே பதில் வந்திருக்கிறது.

கைத்தொலைபேசியை முற்றாக அடைத்துவிடவும் இயலாது. ஊரிலே வயோதிபப் பெற்றோர் இருக்கிறார்கள். குறித்த சில இலக்கங்களின் அழைப்பு மாத்திரம் ஒலிக்கவும் மற்றவை மௌனமாகவும் இருக்கும்படி அமைக்கும் வசதி இன்றைய கைத்தொலைபேசிகளில் உண்டு. மகனிடமோ மகளிடமோ கேட்டால் ஐந்து நிமிடத்திற் செய்து தருவார்கள்.

ஒரு மாணவி, தன் கைத்தொலைபேசியின் பின்மூடி சற்றே மேலெழுந்து நிற்கிறது, வகுப்புக்கு அதைப் பாவிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். பாவிக்க வேண்டாம். உள்ளே லிதியம் மின்கலம் வீங்கியிருக்கிறது. அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. மின்னேற்றுவதை இன்றே நிறுத்தி, திருத்துபவரிடம் கொடுத்து மின்கலத்தை மாற்றுவித்தல் வேண்டும். அதுவரை அதை மெத்தையிலும் தலையணையின் கீழும் வைக்காமல், சீமெந்துத் தரையிலே, துணிமணிக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கவும்.