நாள் குறித்து அழைக்கும் விளையாட்டுகள்

இணைய விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஆட்டம் முடிந்ததும் அழிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குபவை. ஏராளமானோர் ஒரே உலகில் சேர்ந்து ஆடும், எம்.எம்.ஓ. என்று ஆட்டக்காரர்கள் சுருக்கமாகச் சொல்லும் வகை வேறு. அங்கே ஆட்டம் முடிவதே இல்லை. கணினியை அணைத்துவிட்டு ஒருவர் தூங்கப் போனாலும் அந்த உலகில் சந்தை நடக்கிறது, சண்டை நடக்கிறது, வேறொரு நாட்டில் விழித்திருக்கும் யாரோ அவர் வரவுக்காகக் காத்திருக்கிறார்கள். வேலை, படிப்பு, குடும்பம் ஆகியவற்றோடு மற்ற பொழுதுபோக்குகளைவிட இது அதிகம் உரசுவதற்குக் காரணம் இதுதான். நாவலைப் பாதியில் மூடி வைத்தால் அது காத்திருக்கும். இந்த உலகம் காத்திருக்காது.

இதன் மூதாதை 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ‘மட்’. ராய் ட்ரப்ஷா தொடங்கியதை ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்தார். அதில் படம் கிடையாது; திரையில் ஓடியது எழுத்து மட்டுமே. பின்னாளில், 1996-இல், பார்ட்டில் எழுதிய கட்டுரையொன்று ஆட்டக்காரர்களை நான்காகப் பிரித்தது: சாதிக்க வருபவர்கள், சுற்றிப் பார்க்க வருபவர்கள், மனிதர்களோடு பழக வருபவர்கள், பிறரை வீழ்த்த வருபவர்கள். விளையாட்டு வடிவமைப்பு பற்றிய பேச்சில் இந்தப் பிரிவினை இன்றும் அடிபடுகிறது. ஆனால் நான்கும் சம பலம் கொண்டவை அல்ல. முதல் நாள் உள்ளே இழுப்பது சாதனையாகவோ சண்டையாகவோ இருக்கலாம். ஐந்தாம் ஆண்டிலும் ஒருவரை அங்கேயே வைத்திருப்பது, பெரும்பாலும், பழகிய மனிதர்கள்தான்.

1997-இல் ‘அல்டிமா ஆன்லைன்’, அடுத்த ஆண்டு கொரியாவில் ‘லீனியேஜ்’, 1999-இல் ‘எவர்க்வெஸ்ட்’ என்று எழுத்துலகம் பட உலகமானது. 2004 நவம்பரில் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இந்த வகையை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. 2010-இல் அதன் சந்தாதாரர்கள் 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டார்கள். அமெரிக்காவில் மாதச் சந்தா ஏறத்தாழ 15 டாலர். மாதம் பத்து மணி நேரம் ஆடினாலும் இருநூறு மணி நேரம் ஆடினாலும் நிறுவனத்துக்கு வருவது ஒரே தொகை. எனவே நிறுவனத்தின் கவலை, அடுத்த மாதமும் அவர் சந்தாவை நிறுத்தாமல் இருக்க வேண்டும் என்பதே. மறுபடி வருவதற்கு ஏதாவது ஒரு காரணத்தை மிச்சம் வைத்தே ஒவ்வொரு நாளும் அவரை அனுப்பி வைக்க வேண்டும். இந்த வகை விளையாட்டுகளின் வடிவமைப்பில் பாதி, இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தது.

எவர்க்வெஸ்ட் அந்தக் கணக்கை முரட்டுத்தனமாகப் போட்டது. மந்திர சக்தி தீர்ந்தால், அது மீண்டும் ஊறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கப்பலில் போக வேண்டுமென்றால் துறையில் நிற்க வேண்டும். செத்தால் ஈட்டிய அனுபவப் புள்ளிகளில் ஒரு பகுதி பறிபோகும்; பிணம் கிடக்கும் இடத்துக்கு வெறுங்கையோடு திரும்பிப் போய் உடைமைகளை எடுத்துவர வேண்டும். ஆட்டக்காரர்களே இந்த விளையாட்டின் பெயரோடு ஒரு போதைப்பொருளின் பெயரைச் சேர்த்துக் கேலிப்பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் அந்த வெட்டி நேரத்தில்தான் பேச்சு வளர்ந்தது. உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேறு வேலை இல்லாததால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களோடு பேசினார்கள்.

வார்கிராஃப்ட் நயமாகப் போனது. சோதனைக் கட்டத்தில் அதில் ஒரு விதி இருந்தது: தொடர்ந்து ஆடினால் ஒரு கட்டத்துக்குப் பிறகு அனுபவப் புள்ளிகள் பாதியாகக் குறையும். ஓய்வெடுக்கச் சொல்லும் நல்ல விதிதான். ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை, தண்டிக்கிறார்கள் என்றார்கள். வடிவமைப்பாளர்கள் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லும் விதத்தை மட்டும் திருப்பினார்கள். குறைந்த அளவே இனி வழக்கமான அளவு. ஓய்வெடுத்துவிட்டு வருபவருக்கு இரு மடங்கு. சத்திரத்தில் தன் பாத்திரத்தைப் படுக்க வைத்துவிட்டு வெளியேறினால் இந்த ஊக்கத்தொகை இன்னும் வேகமாகச் சேரும். முணுமுணுப்பு அடங்கியது. விளையாடாத நேரத்தையும் விளையாட்டின் கணக்கில் சேர்த்துவிட்ட இந்தச் சிறு மாற்றம், பின்னால் வந்த பலவற்றுக்கு முன்னோடி.

லெவல் ஏறி முடித்தவர்களுக்கு அடுத்தது ‘ரெய்டு’ எனப்படும் கூட்டுத் தாக்குதல். 2005 வாக்கில் ‘மோல்ட்டன் கோர்’ என்ற எரிமலைக் குகைக்குள் இறங்க நாற்பது பேர் வேண்டும். நாற்பது பேரும் ஒரே மாலையில், ஒரே நேரத்தில், பல மணி நேரம் இருந்தாக வேண்டும். அடி வாங்கி நிற்பவர் இவர், மருத்துவம் பார்ப்பவர்கள் இவர்கள் என்று முன்கூட்டியே பங்கு பிரித்தாக வேண்டும். நெருப்பைத் தாங்கும் மருந்துகளுக்காக முந்தின நாட்களில் காடு மேடெல்லாம் அலைந்து மூலிகை பறித்திருக்க வேண்டும். ஓர் அரக்கனை வீழ்த்தினால் அந்த வாரம் அவன் மீண்டும் வரமாட்டான். அமெரிக்க சர்வர்களில் செவ்வாய்க்கிழமைதோறும்தான் குகை புதுப்பிக்கப்படும். இவ்வளவுக்கும் பிறகு அரக்கனிடமிருந்து கிடைப்பது இரண்டு மூன்று பொருட்கள். பெற்றுக்கொள்ள நிற்பவர்களோ நாற்பது பேர்.

யாருக்குக் கொடுப்பது? இதற்கான விடையை நிறுவனம் கண்டுபிடிக்கவில்லை. எவர்க்வெஸ்ட் காலத்திலேயே ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்டார்கள். ‘டி.கே.பி.’ என்ற புள்ளிக் கணக்கு அது. வந்து கலந்துகொண்டால் புள்ளி வரவு. பொருள் எடுத்தால் புள்ளி செலவு. ஏறக்குறைய ஏலச்சீட்டு நோட்டு மாதிரிதான்: தவறாமல் கட்டியவருக்குத்தான் எடுக்கும்போது மரியாதை. இந்த நோட்டைப் பராமரிக்க ஒருவர், ஆள் சேர்க்க ஒருவர், சண்டை சச்சரவைத் தீர்க்க ஒருவர் என்று ‘கில்டு’ எனப்படும் குழுக்கள் ஊதியமில்லாத அலுவலகங்களாக நடந்தன. ‘இன்று வர முடியாது’ என்று முன்கூட்டியே விடுப்புச் சொல்ல வேண்டிய பொழுதுபோக்கு இது. வேலையிலிருந்து தப்பி வந்தவர்கள் இன்னொரு வேலைக்குள் போய் மாட்டிக்கொண்டார்கள் என்று நகைப்பது எளிது. அந்த வேலையில் அவர்களுக்குத் தலைமை கிடைத்தது, நம்பிக்கை கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அலுவலகத்தில் பலருக்கு அவை வாய்ப்பதில்லை.

நிறுவனமும் சுமையைக் குறைக்கப் பார்த்தது. 2007-இல் நாற்பது பேர் ரெய்டு இருபத்தைந்தாகவும் பத்தாகவும் சுருங்கியது. 2009 டிசம்பரில், பொத்தானை அழுத்தினால் முன்பின் தெரியாத ஐவரைத் தானே கூட்டிச் சேர்த்துக் குகை வாசலில் நிறுத்தும் வசதி வந்தது. ஒரு மணி நேரம் கூவி ஆள் தேட வேண்டிய வேலை சில நிமிடங்களில் முடிந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் அந்த ஐவரும் பெரும்பாலும் வெவ்வேறு சர்வர்களைச் சேர்ந்தவர்கள். வணக்கம்கூடச் சொல்லாமல் சண்டையை முடித்துக்கொண்டு கலைந்தார்கள். மறுபடி சந்திக்கப்போவதில்லை என்றான பிறகு மரியாதைக்கு அவசியம் இல்லாமல் போனது. பத்தாண்டு கழித்து, 2019 ஆகஸ்டில், இந்த வசதிகள் எதுவும் இல்லாத பழைய பதிப்பை நிறுவனமே ‘கிளாசிக்’ என்ற பெயரில் வெளியிட்டபோது, சர்வருக்குள் நுழையவே மணிக்கணக்கில் வரிசை நின்றது. மிச்சப்படுத்திய நேரத்தோடு சேர்ந்து எதுவோ போய்விட்டதென்று பலருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஐஸ்லாந்தில் உருவான ‘ஈவ் ஆன்லைன்’ நேரத்தை வேறு விதமாகக் கையாள்கிறது. 2003-இல் தொடங்கிய இந்த விண்வெளி விளையாட்டில் திறமைகள், ஆடினாலும் ஆடாவிட்டாலும், நிஜக் கடிகாரப்படி வளர்கின்றன. சிலவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். நாளெல்லாம் ஆடும் மாணவனும் வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கும் கணக்காளரும் தொடக்க ஆண்டுகளில் இதில் சமமாக இருந்தார்கள். எனினும் 2009-இல் வரிசைப்படுத்தும் வசதி வரும்வரை, ஒரு பயிற்சி முடியும் நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்து அடுத்ததைத் தொடங்கி வைத்தவர்கள் இருந்தார்கள். நல்ல ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை போதும், விளையாட்டு படுக்கையறைக்குள் வந்துவிடும்.

2014 ஜனவரி 27 அன்று அதே ஈவ் உலகில் ஒரு கூட்டணி, தன் வசமிருந்த நட்சத்திர மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை உரிய நேரத்தில் போய்ச் சேராததால், அந்த இடத்தின் மீதான உரிமையை இழந்தது. எதிரிகள் பாய்ந்தார்கள். 7,500-க்கும் மேற்பட்ட பாத்திரங்கள் கலந்துகொண்ட அந்தச் சண்டை 21 மணி நேரம் நடந்தது. கூட்டம் தாங்காத சர்வர், விளையாட்டுக்குள் நேரத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்கியது. ஒரு துப்பாக்கி சுட்டு மறுமுறை சுடுவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். கட்டப்படாத ஒரு பில்லால், ஏறத்தாழ மூன்று லட்சம் டாலர் மதிப்பிலானவை என்று கணக்கிடப்பட்ட கப்பல்கள் சாம்பலாயின. அதில் பெரும்பகுதி ரொக்கமல்ல. அந்தக் கப்பல்களைக் கட்ட மாதக்கணக்கில் மக்கள் போட்ட உழைப்பின் விலை.

இத்தனை நேரமும் வீண்தானா என்று கேட்பவர்கள் மாட்ஸ் ஸ்டீனைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். நார்வேயைச் சேர்ந்த அவருக்குத் தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் டுஷேன் நோய். 2014-இல் இருபத்தைந்து வயதில் இறந்தார். அறைக்குள்ளேயே, நண்பர்களின்றித் தனித்து வாழ்ந்து முடித்துவிட்டான் என்றே பெற்றோர் வருந்தினார்கள். மறைவுச் செய்தியை இணையத்தில் அறிவித்ததும் முன்பின் அறியாதவர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. வார்கிராஃப்டில் ‘ஐபெலின்’ என்ற பெயரில் அவர் பலருக்குக் காது கொடுத்திருந்தார், யோசனை சொல்லியிருந்தார். அவருடைய கில்டுத் தோழர்கள் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கு வந்தார்கள். அவர் வாழ்க்கையைச் சொல்லும் ஆவணப்படம் 2024-இல் வெளிவந்தது. ஒருவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்ற எண்ணை மட்டும் பார்த்திருந்தால் மாட்ஸ் விளையாட்டுக்கு அடிமையானவர்களின் பட்டியலில்தான் இருந்திருப்பார்.

சட்டங்கள் பெரும்பாலும் அந்த எண்ணைத்தான் பார்க்கின்றன. நள்ளிரவுமுதல் காலை ஆறு மணிவரை பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் ஆடக் கூடாதென்று தென்கொரியா 2011-இல் கொண்டுவந்த தடை பத்தாண்டு நடைமுறையில் இருந்து கைவிடப்பட்டது. சீனா 2021-இல் சிறார்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டுமுதல் ஒன்பது என்று ஒரு மணி நேரம் மட்டும் விட்டுவைத்தது. உலக சுகாதார அமைப்பின் அணுகுமுறை இதைவிடப் பக்குவமானது. 2022-இல் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டுச் சீர்கேடு’ இருக்கிறது. ஆனால் அதற்கு மணிக்கணக்கு அளவுகோல் இல்லை. கட்டுப்பாடு இழத்தல், மற்ற கடமைகள் பின்னுக்குப் போதல், கேடு தெரிந்தும் தொடர்தல் ஆகியவை வழக்கமாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்திருக்க வேண்டும்.

இந்தியாவில் விவாதம் வேறு திசையில் போனது. தமிழ்நாட்டில் ஆன்லைன் விளையாட்டு என்றாலே ரம்மிதான் நினைவுக்கு வரும். அதனால் நேர்ந்த தற்கொலைகள் அப்படி. 2022-இல் மாநிலம் இயற்றிய சட்டமும், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவுமுதல் காலை ஐந்து மணிவரை தடை விதித்த 2025 விதிகளும், பண விளையாட்டுகளையே முற்றாகத் தடை செய்த 2025 ஆகஸ்ட் மத்தியச் சட்டமும் அந்தக் காயத்துக்கான மருந்துகள். தேவையானவைதான். பந்தயமே இல்லாத விளையாட்டுகள் மக்களின் நேரத்தை எப்படிக் கட்டிப்போடுகின்றன என்ற கேள்வி அதில் அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் கேள்வி இப்போதுதான் கூர்மையாகிறது. பல விளையாட்டுகளில் மாதச் சந்தா போய், இலவசமாக ஆடலாம், உள்ளே போய்ப் பொருள் வாங்கலாம் என்ற முறை வந்துவிட்டது. தினமும் உள்ளே வந்தால் பரிசு; ஒரு நாள் தவறினால் தொடர் அறுந்துவிடும். ‘ஃபோர்ட்நைட்’ 2017 இறுதியில் கொண்டுவந்து பரவலாக்கிய பேட்டில் பாஸ் முறையில், பணம் கட்டிய பிறகும் குறிப்பிட்ட வாரங்களுக்குள் ஆடி முடித்தால்தான் வாங்கிய பொருள் கைக்கு வரும். கில்டு அழைத்தபோது அழைத்தவர் மனிதர். உடம்பு சரியில்லை என்றால் புரிந்துகொள்வார். இங்கே அழைப்பது ஓர் எண்ணிக்கைக் கடிகாரம். அதனிடம் விடுப்புச் சொல்ல முடியாது. ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ், தெரியாமல் பொத்தானை அழுத்தி வாங்கச் செய்யும் வடிவமைப்புக்காக அமெரிக்க வணிக ஆணையத்திடம் 2022-இல் 24.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பணத்தை ஏமாற்றிப் பறிக்கும் வடிவமைப்பை முறைகேடு என்று அந்த ஆணையம் சொன்னது. நேரத்தைப் பறிக்கும் வடிவமைப்புக்கு அப்படி ஒரு பெயர் இன்னும் வைக்கப்படவில்லை.

இவ்வளவு நேரம் போட்டவருக்குக் கடைசியில் மிஞ்சுவது என்ன என்பதும் நிறுவனத்தின் கையில். ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ 2012 நவம்பரில் மூடப்பட்டது. ரசிகர்கள் தாமாகவே அதை மீட்டு நடத்த, 2024 ஜனவரியில்தான் உரிமை வைத்திருந்த நிறுவனம் அவர்களுக்கு முறையான அனுமதி தந்தது. அப்படி நல்லபடி முடிந்த கதைகள் அரிது. 2024 மார்ச் இறுதியில் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்கள் நிறுத்தப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதைத் தொட முடியவில்லை. அதைத் தொடர்ந்து ஐரோப்பாவில் எழுந்த இயக்கத்தின் மனு பத்து லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரிமுதல், வாங்குபவர் பெறுவது உரிமம் மட்டுமே என்பதை விற்கும்போதே தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவின் 2025 சட்டம் விளையாட்டுகளுக்கென ஓர் ஆணையம் அமைக்க வழி செய்திருக்கிறது. அது பணப் பந்தயத்தைத் தடுப்பதோடு ஓயாமல், இரண்டு விதிகளையாவது எழுத வேண்டும். சிறார்கள் ஆடும் விளையாட்டுகளில், ஒரு நாள் வராததற்காகச் சேர்த்ததைப் பறிக்கும் ஏற்பாடு கூடாது. சர்வரை மூடும் நிறுவனம், பல மாதங்களுக்கு முன்பே அறிவித்து, வாங்கியவர்கள் தொடர்ந்து ஆட ஒரு வழியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.