பட்டமளிப்பு விழா: கடைசி வரிசையிலிருந்து படம் எடுக்க என்ன கேமரா?

பெயரை அழைக்கிறார்கள். மகள் மேடையேறி, பட்டத்தை வாங்கி, இறங்கிவிடுகிறாள். எல்லாம் சில விநாடிகள்தான். கடைசி வரிசையிலிருந்து அப்பா போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால், கறுப்பு அங்கியில் ஓர் உருவம். அது மகளா, அவளுக்கு முன்னால் போன பெண்ணா என்றே தெரியவில்லை!

ஏன் இப்படி? லென்ஸின் எல்லையைத் தாண்டி ஜூம் செய்தால், போன் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறது. அதனால் முகம் தெளிவாவதில்லை.

மேடை 40 மீட்டர் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 மடங்கு ஆப்டிகல் ஜூம் உள்ள போனைப் படுக்கைவாட்டில் பிடித்தால், சுமார் 8 மீட்டர் உயரமுள்ள காட்சி பதிவாகும். அதில் ஆள் ஐந்தில் ஒரு பங்குதான். ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் 300 எம்எம் லென்ஸ் என்றால், காட்சியின் உயரம் சுமார் 2 மீட்டர். தலை முதல் கால் வரை ஆள் படம் முழுக்க நிற்பார்.

அதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம். பல நகரங்களில் கேமராவும் 70-300 எம்எம் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. நிக்கான் பி950 போன்ற 83 மடங்கு ஜூம் கேமராக்கள் திறந்தவெளி விழாவுக்கு நல்ல தேர்வு. ஆனால், சென்சார் சிறியது என்பதால், வெளிச்சம் குறைந்த அரங்கில் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

கவனிக்க வேண்டியவை:

* கேமராவுக்கு அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.
* ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்குக் குறைய வேண்டாம். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள்.
* ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். அதன் வெளிச்சம் மேடை வரை எட்டாது. முன்னால் இருப்பவர்களுக்குத்தான் தொந்தரவு.
* டிரைபாட் இடத்தை அடைக்கும். ஒற்றைக் கால் மோனோபாட் போதும்.
* முந்தைய நாளே வாடகைக்கு எடுத்து, வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் பழகுங்கள்.
* மகளுக்கு முன்னால் மேடையேறும் இரண்டு பேரை எடுத்துப் பார்த்து, ஃபோகஸைச் சரிசெய்துகொள்ளுங்கள். அவள் வந்ததும் பர்ஸ்ட் மோடில் விடாமல் அழுத்துங்கள்.

இன்னொன்று... வீட்டில் ஒருவர் மட்டும் படம் எடுத்தால் போதும். அம்மாவும் பாட்டியும் போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கைதட்டட்டும். மகள் மேடையிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது, அவள் தேடுவது அந்த முகங்களைத்தான்!