மங்கிய படமும் மங்கிய தீர்ப்பும்

சென்ற ஆண்டு மஸ்கெலியாவில் உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்கு ‘அந்த நாள்’ படத்தைக் காட்டினேன். 1954இல் எஸ். பாலச்சந்தர் நெறிப்படுத்திய படம். ஒரு பாட்டுக்கூட இல்லாமல் தமிழிற் கதை சொல்ல முடியும் என்று துணிந்து காட்டிய படம். கையிற் கிடைத்தது பழைய இறுவட்டொன்று. பத்து நிமிடம் செல்லுமுன் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “சேர், எல்லாம் ஒரே இருட்டு. அந்தக் காலத்துக் கெமரா இவ்வளவுதானா?” வகுப்பே சிரித்தது. அருகிலிருந்த சக ஆசிரியரும், “பழைய படமென்றால் அப்படித்தான்” என்றார்.

அந்த ‘அப்படித்தான்’ என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

‘அந்த நாள்’ இருட்டினாலேயே செதுக்கப்பட்ட படம். ஒரு கொலை, அதைப் பற்றி ஆளுக்கொரு கதை, யார் முகத்தில் எவ்வளவு ஒளி விழவேண்டும் என்பதிலேயே ஐயமும் அச்சமும் அளந்து வைக்கப்பட்டிருக்கின்றன. முப்பத்தைந்து மில்லிமீற்றர் படச்சுருளில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே எத்தனையோ சாம்பல் நிறங்கள் உயிர் வாழும். வீடியோ இறுவட்டோ ஒரு முழுக் காட்சியையும் 352க்கு 288 புள்ளிகளில் அடைக்கிறது. இடம் போதாதபோது கணக்குப் பொறி முதலில் தூக்கியெறிவது நிழலின் நுட்பத்தையே. கலைஞன் வைத்த இருள் சேற்றுக் கட்டங்களாகிவிடுகிறது. பிள்ளைகள் கண்டது அந்தச் சேறு, தண்டித்தது பாலச்சந்தரை. இது என்ன நீதி?

மலையகத்திலே இந்த அநீதிக்கு நீண்ட வரலாறு உண்டு. எண்பதுகளில் தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, லயத்து வாசலிலே விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை எம்முடையது. வந்த ஒளிநாடா, பிரதியின் பிரதிக்குப் பிரதி. புத்தம்புது நாடாவிலேயே கிடைப்பது ஏறக்குறைய 240 கோட்டுத் தெளிவு. ஒவ்வொரு பிரதியிலும் அது மேலும் தேயும், நிறம் வழியும், முகங்கள் செம்மண் பூசிக்கொள்ளும். அசலுக்கு அண்மையிலுள்ள பிரதி நகரத்து வசதியுள்ளவனுக்கு; கழிவு தோட்டத்துக்கு. தேயிலையிலும் இதே முறைதானே! நல்ல தூள் கப்பலேறும். பறித்தவள் குடிப்பது கழிவுத் தூள்.

எம்முடைய முற்போக்கு நண்பர் சிலர் இங்கே குறுக்கிடுவர். “கருத்தல்லவா முக்கியம்? படத் தெளிவைப் பற்றிப் பேசுவது பணக்கார இரசிகரின் பொழுதுபோக்கு” என்பர். அப்படியானால், பாரதியின் நூலைப் பாதி எழுத்து அழிந்த தாளில் அச்சிட்டு, ஏழைப் பிள்ளைக்கு இது போதும் என்று கொடுப்பீர்களா? உழைப்பவனுக்கு மங்கலே போதும் என்ற எண்ணம் எந்த வர்க்கத்தின் எண்ணம் என்பதை நண்பர்கள் யோசிக்கட்டும்.

இனி மறுபுறம். இணையத்திலே ‘4கே’ என்ற பட்டத்தோடு பழைய படங்கள் பளபளக்கின்றன. பட்டம் கட்டியவுடன் படம் புதிதாகிவிடுவதில்லை. அவற்றிற் பல, தேய்ந்த நாடாவையே பொறியிலிட்டு ஊதிப் பெருக்கியவை. படச்சுருளுக்கே உரிய மணித்துகளை அழுக்கென்று கருதித் துடைக்கும்போது நடிகரின் தோலும் சேர்ந்து துடைபடுகிறது. மெழுகுப் பொம்மைகள் வசனம் பேசுகின்றன. அகன்ற திரையை நிரப்பவேண்டுமென்று, சதுரத்தை ஒட்டிய பழைய சட்டத்தின் மேலும் கீழுமாக ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை வெட்டியெறிவாரும் உளர். வெட்ட மனமில்லாதவர் இழுத்து அகட்டுவர். ஒல்லியான நாகேஷுக்கும் தொந்தி விழும்! ஆகவே பளபளப்பைக் கண்டு மயங்காமல், நிழலுக்குள் உருவம் தெரிகிறதா, முகத்தில் தோல் இருக்கிறதா, தலைப்பெழுத்துகள் ஓரத்தில் அறுபடாமல் நிற்கின்றனவா என்று பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பிரதி எந்தச் சுருளிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்கவேண்டும்.

கேட்டவர்கள் பெற்றிருக்கிறார்கள். சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்களின் மூலச்சுருள்கள் 1993இல் இலண்டனில் தீயில் வெந்தன; அந்த மூன்று படங்களும் 2015இல் மீட்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தன. சுமித்ரா பீரிஸின் ‘கெஹெனு லமய்’ (1978) மீட்கப்பட்டு 2025இல் கான் விழாவுக்குச் சென்றது. மகிழ்ச்சியே. ஆனால் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்த ‘புதிய காற்று’ (1975)? தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் உருவாக்கிய படம் அது. 1983 யூலையில் தமிழரின் திரையரங்குகளும் படப்பிடிப்பு நிலையமும் எரிக்கப்பட்ட நாடு இது. இங்கே ஒரு தமிழ்ப் படத்தின் மங்கலைக் கண்டு சிரிப்பவன் யாருடைய வேலையைக் கண்டு சிரிக்கிறான்? அப்படத்தின் சுருள் எங்கே, எந்த நிலையில் என்று திரைப்படக் கூட்டுத்தாபனத்துக்கு ஒரு கடிதமேனும் எழுதிய ஆசிரியர் சங்கம் எது? நானும் எழுதவில்லை, இவ்வாண்டு எழுதப் போகிறேன்.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியிலே பழைய மஸ்கெலியா கிடக்கிறது. கோடையில் நீர் வற்றினால் கோயிற் சுவர் தலைகாட்டும். அதைக் காணச் செல்லும் எவரும், பழைய ஊர் சேறாகத்தான் இருந்தது என்று சொல்வதில்லை.

மூன்று வாரத்தின் பின் நல்ல பிரதியொன்று கிடைத்தது. சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, அகட்டிக் காட்டும் விசையை நிறுத்தி, ‘அந்த நாளை’ மறுபடியும் காட்டினேன். அதே பின்வரிசை மாணவன் பாதியில் எழுந்தான். “சேர், அவளுக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. போன முறை அது இருக்கவில்லை.” சக ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.