முரட்டுத் தாடிக்கு முரட்டு ரேஸர்!

நம் ஊரில் 'பிளேடு' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, கன்னத்தில் போடுவது. இன்னொன்று, காதில் போடுவது. இரண்டாவது வகை பிளேடை நான் வாராவாரம் போடுவதாக நண்பர்கள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இந்த வாரம் நிஜ பிளேடைப் பற்றியே எழுதிவிடுவதால் அவர்களுக்கு வேலை மிச்சம்!

விஷயம் முரட்டுத் தாடிக்காரர்களைப் பற்றியது. சிலருக்குத் தாடி என்பது பூனை ரோமம். பிளேடைக் காட்டினாலே பயந்து உதிர்ந்துவிடும். அந்தப் புண்ணியவான்கள் இப்போதே அடுத்த பக்கத்தில் சினிமாச் செய்திக்குப் போகலாம். நான் பேசுவது மற்றவர்களிடம். காலை எட்டு மணிக்கு மழமழவென்று கிளம்பி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் முகத்தில் நிழல் விழுந்து, மூன்று மணிக்கு மேனேஜர், "என்னப்பா, வீட்ல ஏதாவது பிரச்னையா?" என்று அனுதாபத்தோடு விசாரிக்கிற ரகம். கன்னத்தில் கூட சமாளித்துவிடலாம். தாடை எலும்புக்குக் கீழே, கழுத்து ஆரம்பிக்கும் இடத்தில் நாலு திசையிலும் முளைத்து நிற்குமே, அது தாடி இல்லை ஸார், தேங்காய் நார்.

இந்த நாருக்கு மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று அடுக்கி வைத்த கார்ட்ரிட்ஜ்கள் வந்தன. முன்னால் போகிற பிளேடு முடியைக் கொஞ்சம் இழுக்கும். பின்னால் வருவது, அது உள்ளே போவதற்குள் வெட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுருள் முடிக்காரனுக்கு வெட்டுப்பட்ட நுனி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து, கழுத்தெல்லாம் சிவப்புப் பரு. பெண் பார்க்கப் போகிற வாரத்தில் இது வந்தால் எப்படி இருக்கும் என்று அனுபவப்பட்டவர்களைக் கேளுங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மச்சினன், போன தடவை தர்மபுரிக்கு வந்தபோது ஒரு சின்னப் பெட்டியை நீட்டினான். உள்ளே பளபளவென்று, கையில் கனமாக ஒரு ஜெர்மன் ரேஸர். நம் அப்பாக்கள் வைத்திருந்தார்களே, அதே ஒற்றை பிளேடு, மூன்று துண்டாகக் கழற்றும் பழைய மாடல்தான்.

"மாமா, இது அக்ரெஸிவ் ரேஸர். உங்க தாடிக்கு இதான் சரி."

"அக்ரெஸிவ்னா? கடிக்குமா?"

"அழுத்தினா கடிக்கும்."

என் சம்சாரம் உள்ளேயிருந்து, "வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. இது வேறயா?" என்றாள். யாரைச் சொன்னாள் என்று இருவரும் விசாரிக்கவில்லை.

ரேஸரில் சாது, முரடு என்பதெல்லாம் குணத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. பிளேடின் விளிம்புக்கும், கீழே தோலைத் தாங்குகிற பட்டைக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. சாது ரேஸரில் அது அரை மில்லிமீட்டர் சுற்றுவட்டாரம். முரட்டு ரேஸரில் ஒரு மில்லிமீட்டரை எட்டிப் பார்க்கும். ஒரு ஏ.டி.எம். கார்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர். ஆக, உலகத்து ரேஸர்களின் மொத்த வீரமும் கார்டு நுழையுமா நுழையாதா என்கிற சந்துக்குள் அடக்கம்! கூடவே, பிளேடு எவ்வளவு தூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் சேர்த்தி. சில ரேஸர்களில் அடித்தட்டு சீப்பு மாதிரி பல் பல்லாக இருக்கும். மூன்று நாள் தாடியும் அடைத்துக்கொள்ளாமல் போக அந்த ஏற்பாடு. அதில் செருகுகிற பிளேடு ஒன்றேதான். பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம். அதே பிளேடு ஒன்றில் பசு, இன்னொன்றில் ஜல்லிக்கட்டுக் காளை.

நான் பி.காம். என்பதால் ரேஸர் என்றதும் கணக்கு நினைவுக்கு வருகிறது. 'ரேஸரைச் சும்மா கொடு, பிளேடில் சம்பாதி; ஜில்லெட் அப்படித்தான் பணக்காரர் ஆனார்' என்று வணிகவியல் படித்தவர்கள் எல்லோரும் ஒப்பிப்பார்கள். உண்மையில் கிங் கேம்ப் ஜில்லெட் ஆரம்பத்தில் ஒன்றையும் சும்மா கொடுக்கவில்லை. 1903-இல் அவர் கம்பெனி விற்றது மொத்தம் 51 ரேஸர், 168 பிளேடு. நம் ஊர்ச் சந்தையில் பச்சை மிளகாய் விற்கிற ஆயா கூட அதைவிட அதிகமாக வியாபாரம் செய்திருப்பாள். அடுத்த வருஷமே 90,884 ரேஸர்! அதுவும் ஒன்று 5 டாலர் விலையில். அந்தக் காலத்துத் தொழிலாளியின் வாரச் சம்பளத்தில் அது பெரிய துண்டு. 1904-இல் வாங்கிய காப்புரிமை 1921-இல் முடிந்து, போட்டிக்காரர்கள் நுழைய வழி பிறந்தபோதுதான் பழைய மாடலை ஒரு டாலருக்கு இறக்கினார்கள். இதற்கு நடுவில் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேஸர் வாங்கியது தனிக் கதை. ஊர் திரும்பிய சிப்பாய் அதற்கப்புறம் எதற்கு சலூனுக்குப் போகிறான்?

கணக்கு இன்றைக்கும் ஒற்றை பிளேடுக்குத்தான் சாதகம். நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்றின் காசில், எங்கள் பஸ் ஸ்டாண்டுக் கடையில் இரண்டு மாசத்துக்கான பிளேடு கிடைக்கிறது. டெபிட் குறைவு. கிரெடிட் எப்படி என்று பார்க்க நாலு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினேன். மூன்று நாள் தாடி, ஒரே சோப்பு, ஒவ்வொரு வாரமும் புது பிளேடு. மாற்றியது தண்ணீரையும் ரேஸரையும்.

இங்கே எங்கள் மாவட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தர்மபுரிப் பாறைக்கு அடியில் இருந்து வருகிற போர் தண்ணீர் இரண்டு விதத்தில் புகழ் பெற்றது. ஒன்று ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பார்கள். பல கிராமங்களில் தாண்டி, பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு எலும்பு வலி. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013-இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இன்னொன்று, கால்சியமும் மக்னீசியமும். இது பல்லை ஒன்றும் செய்யாது. சோப்பைக் கொன்றுவிடும். பிரஷ்ஷை எவ்வளவு சுற்றினாலும் நுரைக்குப் பதில் தயிர் திரிந்த மாதிரி ஒரு வஸ்து வரும். குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிறதே, அதன் ஒன்றுவிட்ட தம்பி.

முதல் ஞாயிறு, போர் தண்ணீர். நுரை பேருக்கு. முரட்டு ரேஸர் தன் பேரைக் காப்பாற்றியது. ஒரே இழுப்பில் பாதை போட்ட மாதிரி முடி போனது. ஆனால் 'சர்ர்'ரென்று சத்தம், கழுத்தில் இரண்டு இடத்தில் சிவப்பு. படிகாரக் கல்லைத் தேய்த்தபோது எங்கள் தெருநாயே பரிதாபமாகப் பார்த்தது.

இரண்டாவது ஞாயிறு, அதே ரேஸர், ஒகேனக்கல் தண்ணீர். வெதுவெதுப்பாக்கி, துண்டை நனைத்து முகத்தில் மூன்று நிமிஷம். நுரை, மைசூர்பா ஓரம் மாதிரி பொங்கி நின்றது. அன்றைக்குச் சத்தமே மாறிவிட்டது. ரத்தம் இல்லை. சாயங்காலம் ஆறு மணி வரை மேனேஜர் யாரும் என்னை அனுதாபத்தோடு பார்த்திருக்க முடியாது.

மூன்றாவது ஞாயிறுதான் வேடிக்கை. அப்பாவின் பழைய சாது ரேஸரை எடுத்தேன். அதே ஒகேனக்கல் தண்ணீர், அதே மூன்று நிமிஷம். முரட்டு ரேஸர் இரண்டு சுற்றில் முடித்ததை இது மூன்று சுற்றில் முடித்தது. மற்றபடி கன்னத்தைத் தடவிப் பார்த்து எது எது என்று என் சம்சாரத்தால் சொல்ல முடியவில்லை. (நாலாவது ஞாயிறு சாது ரேஸரும் போர் தண்ணீரும். அதை விடுங்கள். ஜல்லிக் கற்களின் மேல் சைக்கிள் ஓட்டிய மாதிரி இருந்தது.)

காரணம் பெரிய ரகசியம் இல்லை. முடி தண்ணீரைக் குடிக்கும் சரக்கு. நன்றாக ஊறினால் வெட்டுவதற்கு வேண்டிய பலம் வெகுவாகக் குறைந்துவிடும். ஊறாத முடி ஸ்டீலையே உதைக்கும். 'முடி ஸ்டீலைவிட 50 மடங்கு மென்மை. அப்புறம் ஏன் பிளேடு மழுங்குகிறது?' என்று அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் மைக்ராஸ்கோப் வைத்தே பார்த்து 2020-இல் எழுதினார்கள். வெட்டும்போது முடி வளைந்து கொடுத்து, பிளேடின் விளிம்பில் ஏற்கெனவே பலவீனமான இடத்தில் பட்டால், அங்கே துளித் துளியாக ஸ்டீல் உடைந்து போகிறதாம். மென்மையானவர்கள் வளைந்து கொடுத்தே வலுத்தவர்களை ஒழித்துவிடுவது எல்லா ஆபீஸிலும் நடப்பதுதான்.

ரேஸரை எங்கள் தெரு சலூன்காரரிடம் காட்டினேன். நாற்பது வருஷம் கத்தி பிடித்த கை. வாங்கி உள்ளங்கையில் நிறுத்தி எடை பார்த்தார்.

"நல்ல கனம்ங்க தம்பி. இந்தக் கனமே போதும். கையால அழுத்தவே வேணாம். நம்ம கை சும்மா வழி காட்டணும், அவ்வளவுதான்."

"எவ்வளவு சாய்க்கணும்ணே?"

"படுக்கவும் கூடாது, நிக்கவும் கூடாது. தோலை இடது கையால இழுத்துப் புடிங்க. முடி எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ மொதல்ல அந்தப் பக்கமே போங்க. எதிர்ப்பக்கம் ரெண்டாவது. கழுத்துல எதிர்ப்பக்கமே வேணாம்."

புத்தகக்காரர்கள் 'தோலுக்கு முப்பது டிகிரி' என்று எழுதுவதை அவர் 'படுக்கவும் கூடாது, நிக்கவும் கூடாது' என்று முடித்துவிட்டார். அவரிடம் இன்னமும் பழைய மடக்குக் கத்தியும் தோல் வாரும் இருக்கின்றன, சாமி படத்துக்குக் கீழே. 1986-இல் சென்னையில்தான் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கப்புறம் வந்த வருஷங்களில் ஒரே கத்தியை எல்லோருக்கும் தீட்டித் தீட்டிப் போட்ட காலம் மெதுவாகப் போய், பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகி ஆளுக்கு ஒன்று என்று ஆனது. "அப்ப எல்லாம் கஸ்டமர் கேக்க மாட்டாங்க, நானே உடைச்சுக் காட்டுவேன்" என்றார். இன்றைக்கும் கண் எதிரே உடைக்காத கடையில் நான் நாற்காலியில் உட்காருவதில்லை. மஞ்சள் காமாலையில் ஒரு வகை, ஹெபடைடிஸ் பி, அந்த வழியாகவும் வரும். இதில் கூச்சப்பட்டு என்ன ஆகப் போகிறது, கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் முப்பது வயசுக் கன்னத்துக்கு. வீட்டில் இன்னொரு முரட்டுத் தாடி இருக்கிறது. அப்பாவுடையது. எழுபத்தைந்து வயசு, வெள்ளைக் கம்பி. இதய வைத்தியத்துக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கூடவே சர்க்கரை. கை நடுக்கம் வந்ததிலிருந்து ஷேவ் பண்ணிவிடுவது என் வேலை. நான் மழமழவென்று திரிவதைப் பார்த்ததும் அவருக்கு ஆசை வந்துவிட்டது.

"அந்த ஜெர்மன்காரனை வெச்சு எனக்கும் ஒரு தடவை இழுடா."

"உங்களுக்கு வேணாம்ப்பா."

"ஏன், என் தாடி மட்டும் என்ன மட்டமா?"

தாடி மட்டமில்லை. தோல் தொங்கிப்போயிருக்கிறது. சாது ரேஸரில் மடிப்பு விழுந்தால் பட்டை தாங்கும். முரட்டு ரேஸரில் அந்த ஒரு மில்லிமீட்டர் சந்துக்குள் மடிப்பு போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு வெட்டினால் படிகாரத்தோடு முடிந்தது. அவருக்கு வெட்டினால் துண்டை வைத்து அரை மணி நேரம் அழுத்திக்கொண்டு உட்கார வேண்டும். ஆறுவதற்கு எத்தனை நாள் என்பதை சர்க்கரை தீர்மானிக்கும். டாக்டரே, "பிளேடே வேண்டாம், எலக்ட்ரிக் ஷேவர் வாங்குங்க" என்று சொல்லியிருந்தார். வாங்கினேன். அப்பா அதைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "வண்டு மாதிரி கத்துது, இதுல எனக்குச் சொரணையே இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அறுபது வருஷம் பிளேடில் பழகிய கன்னத்துக்கு, இழுத்தால்தான் ஷேவ்.

ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் ஒப்பந்தம் இப்படி: முதலில் மூன்று நிமிஷம் ஒகேனக்கல் தண்ணீரில் நனைத்த சூடான துண்டு. அவருக்கு அதுதான் பிடித்த பகுதி, கண்ணை மூடிக்கொள்வார். அப்புறம் துடைத்து முகத்தைக் காயவிட்டு, எலக்ட்ரிக் ஷேவர். வண்டுச் சத்தம் கேட்காமல் இருக்க ரேடியோவில் பழைய பாட்டு, கொஞ்சம் சத்தமாக. முடிந்ததும் தாடைக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்து, "முந்தாநாள் பண்ண மாதிரி இருக்கு" என்பார். இது பாராட்டு இல்லை.

அதோடு விடுவதும் இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிறார்.

"எங்கடா அந்த ஜெர்மன்காரன்?"

"பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கேன்ப்பா."

"சாவி யார்கிட்ட இருக்கு?"

"உங்க மருமக கிட்ட."

அப்பா ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொல்கிறார்.