காய்ந்த வேம்பும் பச்சைத் தென்னையும்

மரம் நடுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நட்ட மரத்தைப் பூச்சி தாக்கினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பேசுபவர்கள் மிகக் குறைவு. இது தெரியாததால் பிழைக்க வேண்டிய மரம் வெட்டப்படுகிறது, காப்பாற்ற வேண்டிய மரம் கைவிடப்படுகிறது.

திருவண்ணாமலை வட்டாரத்தில் வேம்பு இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. சமீப ஆண்டுகளில் தமிழகத்தில் பல ஊர்களில், மழைக்காலம் முடிந்ததும் வேப்பமரக் கிளைகளின் நுனி தீயில் கருகியது போலக் காய்ந்தது. பூச்சிக்கு மருந்தாகும் வேம்புக்கே பூச்சியா என்று தோன்றலாம். ஆனால் தேயிலைக் கொசு என்ற நாவாய்ப்பூச்சி அதன் இளந்தளிரில் சாற்றை உறிஞ்சுகிறது. பிறகு பூஞ்சையும் சேர்ந்து கொள்கிறது. பார்ப்பவர்கள் மரம் பட்டுப்போய்விட்டது என்று கோடாலியைத் தேடுகிறார்கள். அவசரப்படத் தேவையில்லை. பட்டையை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா? அப்படியென்றால் மரம் உயிரோடு இருக்கிறது. இப்படிக் காய்ந்த மரங்களில் பெரும்பாலானவை வெயில் காலத்தில் மீண்டும் துளிர்க்கும்.

தென்னையின் கதை இதற்கு நேர் எதிர். சிவப்புக் கூன்வண்டு தாக்கிய தென்னை வெளியே பச்சையாகத்தான் நிற்கும். உள்ளே புழுக்கள் தண்டைத் தின்றுகொண்டிருக்கும். தண்டில் ஓட்டைகள், அதிலிருந்து வடியும் செம்பழுப்புச் சாறு, வெளியே தள்ளப்பட்ட நார்ச்சக்கை ஆகியவைதான் முதல் அடையாளங்கள். தண்டில் காதை வைத்தால் புழு கடிக்கும் சத்தம்கூடக் கேட்கும். கொண்டை சாய்ந்த பிறகு எந்த மருந்தும் உதவாது.

அமெரிக்காவில் நடந்ததும் இதுதான். மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று ஆஷ் மரங்களை அழிப்பது 2002ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குச் சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அது அங்கே வந்துவிட்டது. பட்டைக்கு அடியில் புழு இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இதுவரை கோடிக்கணக்கான மரங்கள் அழிந்துவிட்டன.

பள்ளிகளில் மரக்கன்று நடும் விழா நடக்கிறது. அதோடு ஒரு மணி நேரம் மரத்தைப் பார்க்கவும் சொல்லித் தரலாம். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள். அதில் நூறு பேருக்கு இந்த அடையாளங்கள் தெரிந்திருந்தாலும் போதும், பாதையோரத்து மரங்களுக்கு நூறு வைத்தியர்கள் கிடைத்த மாதிரி.