அணைந்த தீயும் அணையாத கேடும்

தமிழில் உள்ள ஓரெழுத்து ஒருமொழிகளுள் 'தீ' என்பதும் ஒன்று. அது நெருப்பையும் உணர்த்தும், தீமையையும் உணர்த்தும். நெருப்பு எரியும்போது விளையும் தீமையை அனைவரும் அறிவோம். நெருப்பை அணைத்த பின்னரும் எஞ்சி நிற்கும் தீமை ஒன்று உண்டு. அதனை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கோடைக்கால மாலை ஒன்றில், சேலையூர் ஏரிக்கு அண்மையில் குவிந்து கிடந்த குப்பையில் யாரோ தீ மூட்டிவிட்டனர். காய்ந்த புல்லில் தீ பரவிற்று. கரும்புகை வீடுகளுக்குள் புகுந்தது. தீயணைப்பு ஊர்தி விரைந்து வந்தது. வீரர்கள் புகையினூடே நின்று நீரைப் பீய்ச்சி, அரைமணி நேரத்தில் தீயை அடக்கினர். கூடியிருந்தோர் பெருமூச்சு விட்டுக் கலைந்தனர். உருகிய நெகிழியும் சாம்பலும் கலந்த கரிய நீர் மட்டும் வடிகாலில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. நம்முடன் நின்ற மாணவர் ஒருவர், "தீ அணைந்துவிட்டது ஐயா, இந்தத் தண்ணீர் எங்கே போகும்?" என்று வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

அந்நீர் எங்கே போகும்? நம் முன்னோர் ஏரிகளைத் தனித்தனியே வெட்டவில்லை; ஒன்றின் உபரிநீர் மற்றொன்றை நிரப்பும் வண்ணம் சங்கிலியாக அமைத்தனர். தாம்பரத்தின் கிழக்கே உள்ள சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம் முதலிய ஏரிகள் அத்தகையவை. இப்பகுதியின் உபரிநீர் இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்ந்து, ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கின்றது. ஆகவே, சேலையூரில் ஓடும் கரிய நீர் சேலையூரோடு நின்றுவிடுவதில்லை.

அச்சதுப்பு நிலத்தின் விளிம்பிலேதான் பெருங்குடிக் குப்பைமேடு அமைந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் பள்ளிக்கரணை பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலமாகக் குறிக்கப்பெற்றது. அதே மாதம் 27ஆம் நாள் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றி எரிந்தது! தீயணைப்பு வீரர்கள் இரவு பகலாகப் போராடியும் தீயை முற்றிலும் அடக்கச் சில நாட்கள் ஆயின. மட்கும் குப்பையிலிருந்து எழும் மீத்தேன் வாயு உள்ளேயே தேங்கி நிற்பதால், மேலே அணைத்த தீ கீழே கனன்றுகொண்டே இருக்கும். எத்தனை ஊர்தி நீர் ஊற்றினாலும் அது குப்பையின் நஞ்சைக் கரைத்துக்கொண்டு தாழ்ந்த நிலத்தையே நாடும். கொச்சியின் பிரம்மபுரத்தில் 2023 மார்ச் 2ஆம் நாள் மூண்ட குப்பைத் தீயும் ஏறத்தாழப் பன்னிரண்டு நாட்கள் நகரையே புகையில் ஆழ்த்தியது.

தீயணைத்த நீர் எத்துணைக் கேடு விளைக்கவல்லது என்பதை உலகுக்கு உணர்த்தியது சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே நிகழ்ந்த விபத்தாகும். 1986 நவம்பர் 1ஆம் நாள் அங்குச் சாண்டோஸ் நிறுவனத்தின் வேதிப்பொருட் கிடங்கு எரிந்தது. தீயை அணைக்கப் பாய்ச்சிய நீர், பூச்சிக்கொல்லிகளை டன் கணக்கில் அள்ளிச் சென்று ரைன் ஆற்றில் சேர்த்தது. ஆறு செந்நிறமாய் ஓடிற்று. பல்லாயிரக்கணக்கான விலாங்கு மீன்கள் மடிந்தன. அதன் பின்னரே, தீயணைத்த நீரைத் தேக்கிவைக்கும் தொட்டிகள் தொழிற்சாலைகளுக்கு இன்றியமையாதவை என ஐரோப்பிய நாடுகள் உணர்ந்தன.

நீர் மட்டுமன்று, எண்ணெய்த் தீயை அணைக்கப் பயன்படும் நுரையும் ஆராயத்தக்கது. புளூரின் கலந்த நுரைகளிலுள்ள சில வேதிப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதில்லை. உயிர்களின் குருதியிலும் சென்று சேர்கின்றன. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அவற்றுள் ஒரு வகையை 2009இலும் மற்றொரு வகையை 2019இலும் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தியது. புளூரின் இல்லாத நுரைகள் இன்று சந்தையில் உள்ளன.

இவ்வாறு கூறுவதால் நாம் தீயணைப்புத் துறையைக் குறை கூறுவதாக எவரும் கருதவேண்டா. 1944 ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர் ஈந்த வீரர்களின் நினைவாகவே ஆண்டுதோறும் அந்நாளில் தீத்தொண்டு நாள் கடைப்பிடிக்கப்படுகின்றது. உயிர் ஒன்று உள்ளே சிக்கியிருக்க, நீர் எங்கே ஓடுகின்றது என்று கணக்கிட்டுக்கொண்டு நிற்பது அறமாகாது. நாம் கேட்பது, உயிருக்கு இடர் நீங்கிய பின்னரும், இடரில்லாத பொழுதிலும் செய்யத்தக்கவற்றையே.

அவை யாவை? முதலாவது, ஓடும் நீரைத் தடுத்தல். மணல் மூட்டைகளைக் கொண்டு வடிகால் வாயை அடைத்து, கரிய நீரைத் தேக்கி, கழிவுநீர் ஊர்திகளால் உறிஞ்சி அகற்றலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பயிற்சியும் முன்னேற்பாடுமே வேண்டும். இரண்டாவது, நல்ல நீரைக் காத்தல். ஒரு தீயணைப்பு ஊர்தி பொதுவாக 4,500 லிட்டர் நீர் கொள்ளும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு குடம் நீருக்குச் சென்னை மக்கள் தெருவில் நின்றதை மறத்தல் இயலுமோ? பெருங்குடியிலேயே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உள்ளது. முறையாகத் தூய்மை செய்த அத்தகைய நீரைக் குப்பைத் தீக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்துவது தக்கது. மூன்றாவது, குப்பைமேட்டுத் தீயில் இயன்றவிடத்து மண்ணால் மூடி அணைக்கும் முறையைக் கையாளுதல். நான்காவது, நுரை வாங்குங்கால் புளூரின் இல்லாததையே தேர்தல்.

இவை கைகூடுமா என ஐயுறுவோர்க்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. முன்னர்க் கணிப்பொறி அறைகளிலும் விமானங்களிலும் தீயணைக்க 'ஹாலோன்' என்னும் வாயு பெரிதும் பயன்பட்டது. அது ஓசோன் படலத்தைச் சிதைப்பது தெரிந்ததும், 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழி அதன் உற்பத்தி படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதனால் தீயணைப்புத் தொழில் நின்றுவிடவில்லை. மாற்று வழிகளைக் கண்டது.

எனினும், இவையனைத்தும் பாதிக் கடமையே. மறுபாதி நம்முடையது. மிகக் குறைந்த கேடு விளைக்கும் தீ யாது எனின், மூளாத தீயே! வருமுன் காத்தலை வலியுறுத்த வந்த வள்ளுவர், நெருப்பையும் வைக்கோற்போரையும் உவமையாக எடுத்தாண்டது தற்செயலன்று. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்போர்க்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போர்க்கு 25,000 ரூபாயும் தண்டம் விதிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாள் தொட்டுத் தடை விதித்தது. ஆயினும் தெருமுனையில் புகை அடங்கவில்லை. ஏன்? தீக்குச்சி சட்டத்தின் கையில் இல்லை. நம் கையில் இருக்கின்றது.

நிக்காஹ் விருந்தாயினும் கல்லூரி விழாவாயினும், எஞ்சும் இலையும் உணவும் உரமாகட்டும். நெகிழித் தட்டும் குவளையும் பந்திக்கு வாராதொழியட்டும். ஜமாஅத் பெரியவர்கள் ஒரு சொல் சொன்னால் ஊர் கேட்கும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கோடைக்கு முன்னரே ஏரிக்கரையின் குப்பையை அகற்றித் தரம் பிரிக்கலாம். ஆசிரியர்களாகிய நாம் வெறும் அறிவுரையோடு நில்லாமல் அவர்களுடன் கரையில் இறங்கவேண்டும்.

நீரின் இயல்பை 'நீர்மை' என்று வழங்கிய தமிழ், அச்சொல்லாலேயே மாந்தரின் நற்பண்பையும் சுட்டியது. தீயை அணைக்கச் சென்ற நீர், நஞ்சாகித் திரும்புமாயின் அதன் நீர்மை கெட்டது யாரால்? அம்மாணவரின் வினாவுக்கு, "ஏரிக்குத்தான் போகும், அங்கிருந்து நம் கிணற்றுக்கு வரும்" என்று அன்று விடை கூறினோம். இனியொரு முறை அவ்விடையைக் கூற நேராதிருக்கவேண்டும் என்பதே நம் விழைவு.