பதினேழு வயதோடு முடிகிற பந்தயம்

பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த இலவச சைக்கிள் இப்போது எங்கள் வீட்டில் ஈரத்துணி போடும் கொடியாக நிற்கிறது. பி.காம் படிப்பவள் பாஷையில் இதற்குப் பெயர் தேய்மானம் :)

அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டம்தோறும் அரசு நடத்தும் சைக்கிள் போட்டி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் தேனியிலும் நடக்கும். சாதாரண சைக்கிள்தான், கியர் கூடாது. பரிசுத்தொகை ஆண், பெண் இருவருக்கும் ஒன்றே. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் 17 வயதுப் பிரிவில் பையன்களுக்கு 20 கி.மீ., பெண்களுக்கு 15 கி.மீ. அதற்குமேல் வயதானால் பிரிவே கிடையாது.

ஐந்து கிலோமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்கிறீர்களா? தூரம்தாங்க ஆட்டமே!

பிரான்சின் பாரிஸ்-ரூபே ஒருநாள் பந்தயம் 1896-ல் ஆண்களுக்காகத் தொடங்கியது. பெண்களுக்கு வந்தது 2021-ல். 125 வருடம்! அன்று 116 கி.மீ. தூரத்தில், இன்னும் 80 கி.மீ.க்கு மேல் இருக்கும்போதே லிஸ்ஸி டைக்னன் தனியாகப் பிரிந்து போனார். மழையில் நனைந்த கருங்கல் சாலையில் கடைசிவரை யாராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. 15 கி.மீ. பந்தயத்தில் இப்படி ஒரு துணிச்சலுக்கு இடம் ஏது? (அவருக்குப் பரிசு 1,535 யூரோ, ஆண்களில் வென்றவருக்கு 30,000. அந்த விஷயத்தில் நம்ம ஊரே தேவலை!)

நம்மிடம் சாலை இல்லையா? தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று லோயர் கேம்ப் வரை நேராகப் போகலாம். ஆடி மாசம் என்றால் எதிர்க்காற்று முகத்தில் அறையும். ஒருத்தி முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தி ஒதுங்கி, மாற்றி மாற்றி முன்னால் வந்துதான் ஓட்ட வேண்டும். மூளைக்கும் வேலை இருக்கும். அப்புறம் குமுளி மலை ஏற்றம்!

"பொம்பளப் புள்ளைக அம்புட்டு தூரம் மிதிக்குமா?" என்பார்கள். விடியற்காலையில் சோற்றுத் தூக்குடன் ஜீப்பில் நெருக்கியடித்து அதே மலை ஏறி, பகல் முழுக்க ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பும் பெண்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பள்ளிக்குப் போக சைக்கிள் கொடுத்தார்கள், நன்றி. பள்ளி முடிந்த பிறகும் ஓட்ட ஒரு காரணம் கொடுக்கலாமே? வருடத்தில் ஒரே ஒரு நாள், வயது வந்த பெண்களுக்கு, முழு தூரம்.

கொடியில் கிடக்கும் துணியை நான் எடுத்து வைத்துவிடுகிறேன்.